அன்று மறுத்த துப்பாக்கி அனுமதிக்கு இன்று இழப்பீடு கேட்க முடியுமா?

நியூஜெர்சியில் சொந்தமாகப் பெட்ரோல் பங்க் நடத்தும் ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம். சுருக்கம் இதுதான்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய் அமெரிக்கக் குடிமகனானவர். நியூஜெர்சியில் வண்டி ஓட்டி வருபவர் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பங்க்கில் இருப்பவர்தான் வெளியே போய்ப் போட வேண்டும். அதனால் நடுராத்திரியிலும் சட்டைப்பையில் பணக்கட்டோடு முன்பின் தெரியாத வண்டிகளின் ஜன்னலருகே போய் நிற்பது அவருடைய தினசரி வேலை. 2017இல் கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச்செல்லும் அனுமதிக்கு, அதாவது கேரி பர்மிட்டுக்கு, விண்ணப்பித்தார். 'நியாயமான தேவை' நிரூபிக்கப்படவில்லை என்று 2018 தொடக்கத்தில் நீதிபதி மறுத்துவிட்டார். 2019 அக்டோபரில் ஒரு ராத்திரி இரண்டு பேர் அவரை பம்ப் அருகிலேயே அடித்துப் பணத்தைப் பறித்துப் போனார்கள். தோள் எலும்பில் வைத்த பிளேட் இன்னும் இருக்கிறது. 2022இல் உச்ச நீதிமன்றம் அந்த 'தேவை' நிபந்தனையே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. 2023இல் அவருக்கும் பர்மிட் கிடைத்துவிட்டது.

அவர் கேட்பது: "அப்படியானால் 2018இல் எனக்குச் செய்தது தப்புதானே? என் தோளுக்கும் ஐந்து வருடத்துக்கும் யார் பதில் சொல்வது? வாஷிங்டனில் எல்லோருக்கும் பணம் கொடுத்தார்கள் என்கிறார் நண்பர். நம் ஊரில் என்றால் ரிட் போட்டு நஷ்டஈடு வாங்கலாமே?" கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் இரண்டு செய்திகள். க்ரீன் கார்டு வைத்திருக்கும் மனைவி துப்பாக்கி வாங்குவதற்கான அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து ஒன்பது மாதமாகிறது. ஊர் போலீஸ் வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம் கொண்டுவா என்கிறது. ஹெச்-1பி விசாவில் வந்து வீட்டில் தங்கியிருக்கும் அக்கா மகனைச் சனிக்கிழமைதோறும் துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போகிறார்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் நான் படித்திருக்க வேண்டும். நீங்கள் முக்கியம் என்று நினைத்து எழுதிய மூன்று பக்கத்தில் சட்டம் உங்களுக்குத் தரக்கூடியது மிகக் குறைவு. போகிறபோக்கில் எழுதிய பத்து வரியில்தான் உரிமையும் ஆபத்தும் இருக்கின்றன. ஆனாலும் முதல் கேள்விக்கே முதலில் வருகிறேன். ஆறு வருடத்துக்கு மேல் மனதில் வைத்திருக்கும் கேள்வியைத் தாண்டிப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கு நடந்தது தவறுதான். அமெரிக்க அரசியல் சாசனத்தில் 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் தனி மனிதருக்கு வீட்டில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மாநிலங்களையும் ஊர்களையும் கட்டுப்படுத்தும் என்று 2010இல் சிகாகோ நகருக்கு எதிரான மெக்டொனால்ட் வழக்கில் சொன்னது. வீட்டுக்கு வெளியே எடுத்துச்செல்லவும் உரிமை உண்டு, அதற்காக ஒருவர் தனக்கு ஏதோ விசேஷத் தேவை இருப்பதாக நிரூபிக்க வேண்டியதில்லை என்று 2022 ஜூன் 23 அன்று புரூவன் வழக்கில் 6-3 என்று தீர்ப்பு வந்தது. வழக்கு நியூயார்க்குடையது என்றாலும், நியூஜெர்சியின் 'நியாயமான தேவை'யும் அதோடு விழுந்தது. மறுநாளே மாநில அட்டர்னி ஜெனரல் அந்த நிபந்தனையைக் கேட்க வேண்டாம் என்று உத்தரவு போட்டார்.

அப்புறம் ஏன் பணம் கிடைக்காது?

யாரிடம் கேட்பது?

நம் ஊர் உதாரணம் சொன்னீர்கள். ருதுல் ஷா என்பவர் நீதிமன்றம் விடுதலை செய்த பிறகும் 14 வருடம் பீகார் சிறையில் கிடந்ததற்காக, 1983இல் இந்திய உச்ச நீதிமன்றம் ரிட் மனுவிலேயே 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அடிப்படை உரிமையைப் பறித்தால் அரசே பணம் கொடுக்க வேண்டும் என்ற வழி அங்கே அப்படித் திறந்தது. அமெரிக்காவில் அந்த வழி இல்லை. இங்கே இருப்பது 1871இல் வந்த குடிமை உரிமைகள் சட்டம். வழக்கறிஞர்கள் '1983ஆம் பிரிவு' என்போம். (1983 என்பது வருடம் இல்லை, சட்டத் தொகுப்பில் அதன் எண்.) மாநில அதிகாரத்தைப் பயன்படுத்தி ஒருவர் உங்கள் அரசியல் சாசன உரிமையை மீறினால், அந்த 'நபர்' மீது இழப்பீட்டு வழக்கு போடலாம் என்கிறது அது. சிக்கலெல்லாம் 'நபர்' என்ற அந்த ஒரு சொல்லில்தான்.

மாநிலம் 'நபர்' இல்லை என்று 1989இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. ஆக, நியூஜெர்சி அரசு மீது இந்தப் பிரிவில் பணம் கேட்க முடியாது. உங்கள் விண்ணப்பத்தை மறுத்தவர் நீதிபதி. அந்தக் காலத்தில் இங்கே கேரி பர்மிட்டைக் கொடுப்பதும் மறுப்பதும் சுப்பீரியர் கோர்ட் நீதிபதி கையில்தான் இருந்தது. நீதிபதி தன் பதவியில் இருந்து செய்த தீர்ப்புக்கு அவரிடம் இழப்பீடு கேட்கவே முடியாது. மிஞ்சியவர் விண்ணப்பத்தை முதலில் பார்த்த ஊர் போலீஸ் தலைவர். ஓர் அதிகாரி செய்தது சட்டவிரோதம் என்பது அன்றைக்கே எந்தச் சந்தேகமும் இல்லாமல் தெரிந்திருந்தால்தான் அவர் சொந்தப் பொறுப்பில் பணம் கட்ட நேரும். அன்றைய நிலைமை என்ன? 2013இல் டிரேக் வழக்கில் இந்தப் பகுதியின் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமே 'நியாயமான தேவை' செல்லும் என்று சொல்லியிருந்தது. அதைப் படித்து நடந்தவரைப் பின்னால் வந்த தீர்ப்பை வைத்துத் தண்டிக்க எந்த நீதிபதியும் முன்வர மாட்டார்.

ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஏடிஎம் இயந்திரங்களைப் பராமரிக்கும் தொழில் செய்தவர், ஏற்கெனவே துப்பாக்கி முனையில் கொள்ளை போனவர். அவருக்கும் நியூஜெர்சியில் பர்மிட் மறுக்கப்பட்டது. ரோஜர்ஸ் எதிர் கிரிவால் என்ற அந்த வழக்கை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் அனுப்பிவிட்டது. நீதிபதி தாமஸ் மட்டும் கடுமையாக எதிர்த்து எழுதினார். இன்னொரு நீதிபதியான கவனாவும் பெரும்பகுதியில் அவரோடு சேர்ந்தார். இரண்டே வருடத்தில் புரூவன் தீர்ப்பை எழுதியவரும் அதே தாமஸ்தான். உங்களைப் போலவே பணத்தோடு புழங்கியவர், உங்களைவிடத் தெளிவான ஆபத்தில் இருந்தவர், உச்ச நீதிமன்ற வாசல் வரை போனவர். அவருக்கே அன்று கதவு திறக்கவில்லை.

கெடு

இதையெல்லாம் தாண்டினாலும் காலம் போய்விட்டது. 1983ஆம் பிரிவுக்கென்று தனிக் கெடு கிடையாது. அந்தந்த மாநிலத்தில் உடற்காய வழக்குக்கு என்ன கெடுவோ அதுவே இதற்கும். நியூயார்க்கில் மூன்று வருடம், நியூஜெர்சியில் இரண்டே வருடம். மறுப்பு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். உங்கள் கணக்கு 2020 தொடக்கத்தில் முடிந்துவிட்டது. "2022 வரை அது தப்பு என்றே தெரியாதே" என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் தீர்ப்பு மாறியதால் கெடு புதிதாக ஆரம்பிப்பதில்லை. ஒரு பேச்சுக்குப் புரூவன் வந்த நாளிலிருந்து எண்ணினாலும் 2024 ஜூனில் முடிந்திருக்கும்.

இந்த இடத்தில் சட்டம் நியாயமாக இருப்பதாக நான் நினைக்கவில்லை. அன்றைக்கே வழக்கு போட்டிருந்தால் டிரேக் தீர்ப்பைக் காட்டித் தள்ளியிருப்பார்கள். இன்று போட்டால் தாமதம் என்கிறார்கள். எந்த நாளில் வந்தாலும் தோற்றிருப்பீர்கள். அன்று கிடைக்காத பர்மிட்டுக்கு உங்களிடம் கட்டணம் வாங்கினார்களே, அதையாவது திருப்பித் தருவதுதான் மரியாதை. ஆனால் அதை நீதிமன்றம் செய்யாது, சட்டமன்றம்தான் செய்ய வேண்டும். இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள் 1980களில் போட்ட இழப்பீட்டு வழக்கும் கெடு முடிந்தது என்றுதான் தள்ளுபடியானது. 1988இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தனிச்சட்டம் போட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது. அவர்கள் பட்ட கொடுமையோடு இதை ஒப்பிட நான் வரவில்லை. வழி எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் சொல்கிறேன். உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கு இந்த நான்கு பக்கத்தையும் அனுப்புங்கள்.

2019 அக்டோபர் ராத்திரி

இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நாளை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்வார்.

'பர்மிட் இல்லாததால் அன்று என்னிடம் துப்பாக்கி இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். நியூஜெர்சி சட்டத்தில், சொந்த வீட்டிலும் சொந்தத் தொழில் இடத்திலும், தான் சொந்தமாகவோ அனுபவத்திலோ வைத்திருக்கும் மனையிலும், முறைப்படி வாங்கிய துப்பாக்கியை வைத்துக்கொள்ளவும் உடம்பில் வைத்துக்கொண்டு நடமாடவும் கேரி பர்மிட் தேவையில்லை. இந்த விதிவிலக்கு நீங்கள் விண்ணப்பித்த 2017இலும் இருந்தது. பங்க் உங்களுடையது, பம்ப் நிற்கும் இடமும் அதற்குள்தான். வாங்குவதற்கான அனுமதி மட்டும் எடுத்திருந்தால் அன்று ராத்திரி சட்டப்படியே உங்கள் இடுப்பில் துப்பாக்கி இருந்திருக்கலாம். இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். விண்ணப்பம் வாங்குகிறவர்களும் சொல்லவில்லை, ஆயிரம் பேசும் நண்பர்களும் சொல்லவில்லை. (இது உரிமையாளருக்கான விதிவிலக்கு. சம்பளத்துக்கு நிற்கும் பையனுக்கும் பொருந்தும் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கும் பங்க்குக்கும் இடையே கொண்டுபோவதற்கும் தனி விதிகள் உண்டு.)

ஆகவே பர்மிட் மறுத்ததால்தான் தோள் உடைந்தது என்று நிரூபிக்க முடியாது. அது இல்லாவிட்டாலும், இடையில் இரண்டு திருடர்கள் வந்து செய்த குற்றத்துக்கு அரசைப் பொறுப்பாக்குவது இங்கே மிகக் கடினம். குடிமகனை மூன்றாம் மனிதனின் வன்முறையிலிருந்து காப்பாற்றத் தவறியதற்காக அரசியல் சாசனத்தின் பெயரில் பணம் கேட்க முடியாது என்று 1989இல் டிஷேனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவச் செலவு கொடுக்கும் மாநில அலுவலகம் ஒன்று நியூஜெர்சியில் உண்டு. அப்போது அங்கே விண்ணப்பித்தீர்களா என்று எழுதவில்லை. அதற்கும் கெடு உண்டு. ஆனாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

வாஷிங்டன் பணம்

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. வாஷிங்டன் நகரம் 2023இல் 51 லட்சம் டாலர் கொடுத்து ஒரு கூட்டு வழக்கை முடித்துக்கொண்டது. ஆனால் அது பர்மிட் கிடைக்காதவர்களுக்கான பணம் இல்லை. வெளியே துப்பாக்கி எடுத்துச்செல்லவே கூடாது என்ற நகரச் சட்டம் 2014இல் ரத்தானது. அதற்கு முந்தைய காலத்தில் அந்தச் சட்டத்தின் கீழ் கைதாகி, காவலில் கிடந்து, துப்பாக்கியைப் பறிகொடுத்தவர்களுக்கான பணம் அது. அதிலும் 19 லட்சம் வழக்கறிஞர்களுக்குப் போனது.

அங்கே கொடுத்தார்கள், இங்கே இல்லை என்றால் காரணம் இருக்கிறது. 1983ஆம் பிரிவின் பார்வையில் தலைநகர் வாஷிங்டன் ஒரு மாநிலம் இல்லை, நகராட்சி. நகராட்சி 'நபர்' என்று 1978இல் மோனெல் வழக்கில் முடிவானது. தன் சொந்தக் கொள்கையால் ஒருவரின் உரிமையை மீறினால் அது பணம் கட்ட வேண்டும். 'நல்ல எண்ணத்தில் செய்தோம், அன்று சட்டம் தெளிவாக இல்லை' என்று அதிகாரிகள் சொல்வதுபோல ஒரு நகராட்சி சொல்லித் தப்பவும் முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மனைவி விஷயத்தில் வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். அதே வாஷிங்டன் நகருக்கு எதிரான ஹெல்லர் வழக்கில் நாடே திரும்பிப் பார்த்த வெற்றி கிடைத்தது. ஹெல்லர் இழப்பீடு கேட்கவில்லை, வாங்கவும் இல்லை. நகரம் கட்டியது அவருடைய வழக்கறிஞர்களின் கட்டணத்தைத்தான், 11 லட்சம் டாலருக்கு மேல்.

மனைவியின் விண்ணப்பம்

இது உயிரோடு இருக்கும் விஷயம். துப்பாக்கி வாங்கும் அடையாள அட்டைக்கு உள்ளூர்வாசி விண்ணப்பித்தால் 30 நாளில் கொடுக்க வேண்டும் அல்லது காரணத்தோடு மறுக்க வேண்டும் என்கிறது நியூஜெர்சி சட்டம். சட்டத்தில் சொன்னதைத் தவிர வேறு எந்த நிபந்தனையையும் ஊர் போலீஸ் தன் இஷ்டத்துக்குச் சேர்க்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. வேலை இடத்துக் கடிதம் அந்தப் பட்டியலில் இல்லை. க்ரீன் கார்டு ஒரு தடையும் இல்லை.

இந்த 30 நாள் வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2015இல் இதே மாநிலத்தில் பெர்லின் என்ற ஊரில் ஒரு பெண் துப்பாக்கி வாங்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். முன்னாள் காதலன் நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவும் வாங்கியிருந்தார். 30 நாள் தாண்டியும் அனுமதி வரவில்லை. தன் வீட்டு வாசலிலேயே அவன் கையால் குத்துப்பட்டு இறந்தார். ஒவ்வொரு முறை 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்ற பதிலைக் கேட்கும்போதும் எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். விண்ணப்பத்தில் பெயர் கொடுத்த இரண்டு சாட்சிகளுக்கும் மின்னஞ்சலில் கேள்வித்தாள் போகும். அது ஸ்பாமில் கிடந்தால் போலீஸ் மீது பழி சொல்ல முடியாது. அது முடிந்திருந்தால், மனைவியின் பெயரில் போலீஸ் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம்: விண்ணப்பித்த தேதி, கைரேகை கொடுத்த தேதி, வேலைக் கடிதம் கேட்ட தேதி, கேட்டவர் யார், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள் என்ற கேள்வி. கையொப்பம் வாங்கும் தபாலில் அனுப்புங்கள். போனில் பேசினால் எழுத்தில் எதுவும் மிஞ்சாது. மறுத்துக் கடிதம் வந்தால் 30 நாளுக்குள் சுப்பீரியர் கோர்ட்டில் விசாரணை கேட்க வேண்டும். அதைத் தவற விடாதீர்கள்.

பதிலே வராவிட்டால் வழக்கு. அந்த வழக்கில்தான் இழப்பீடு என்ற சொல்லுக்கு வேலை இருக்கிறது. நீதிமன்றம் 'கொடு' என்று உத்தரவிட வேண்டும் என்று மட்டும் கேட்டால் என்ன நடக்கும்? வழக்கு போட்ட மறுவாரமே ஊர் போலீஸ் அட்டையைக் கொடுத்துவிடும், வழக்கு தேவையற்றதாகிவிடும். நியூயார்க் நகருக்கு எதிரான துப்பாக்கி வழக்கு ஒன்று 2020இல் உச்ச நீதிமன்றம் வரை போய் இப்படித்தான் கரைந்தது. இடையில் நகரம் விதியை மாற்றிக்கொண்டது, இழப்பீடும் கேட்கப்பட்டிருக்கவில்லை. போதாக்குறைக்கு, இறுதித் தீர்ப்புக்கு முன் அரசு வழிக்கு வந்து வழக்கு முடிந்தால், இடைக்கால உத்தரவு மட்டும் பெற்றவரின் வழக்கறிஞர் கட்டணத்தை எதிர்த்தரப்பு கட்ட வேண்டியதில்லை என்று 2025 பிப்ரவரியில் லாக்கி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. ஆகவே முதல் மனுவிலேயே நடந்துபோன மீறலுக்காகப் பெயரளவு இழப்பீடாக ஒரு டாலராவது கேட்க வேண்டும். அந்த ஒரு டாலர் கோரிக்கை வழக்கை உயிரோடு வைத்திருக்கும் என்று 2021இல் ஜார்ஜியா மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவரின் வழக்கில் 8-1 என்று தீர்ப்பு வந்திருக்கிறது. மனைவிக்கு உண்மையாகவே செலவானதும் இருக்கும்: லீவு போட்ட நாட்கள், இரண்டாம் முறை கைரேகைக் கட்டணம். அதற்கெல்லாம் ரசீது வையுங்கள். 'உரிமையின் மதிப்பு' என்று பெரிய தொகை எழுதினால் கிடைக்காது. நிஜமான நஷ்டத்தைத்தான் நீதிமன்றம் எண்ணும்.

இங்கே எதிர்த்தரப்பு மாநிலம் இல்லை. மாநிலச் சட்டம் எதைக் கேட்கக் கூடாது என்கிறதோ அதையே ஊர் கேட்கிறது. அந்த வழக்கம் ஊருடையது என்று காட்ட முடிந்தால் வாஷிங்டனுக்குத் திறந்த கதவு இங்கேயும் திறக்கலாம். உங்கள் மனைவியிடம் மட்டும் கேட்டார்களா, எல்லோரிடமும் கேட்கிறார்களா என்பது முக்கியம். அதே ஊரில் விண்ணப்பித்த வேறு யாராவது தெரிந்திருந்தால் பேசுங்கள். ஜெயம் உறுதி என்று நான் சொல்ல மாட்டேன்: காலதாமதம் அளவுக்கு மீறினால் கேள்வி கேட்கலாம் என்று புரூவன் தீர்ப்பே ஓர் அடிக்குறிப்பில் இடம் வைத்திருக்கிறது, எத்தனை மாதம் என்று சொல்லவில்லை. இரண்டு வருடக் கெடுவில் உங்களுக்கு ஒன்பது மாதம் போயிருக்கிறது.

அக்கா மகன்

இதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் எடுப்பதே ஃபெடரல் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதே குற்றம்தான். 2022 திருத்தத்துக்குப் பிறகு 15 வருடம் வரை சிறை. நாட்டைவிட்டு அனுப்பவும் அதுவே காரணமாகும். தெரிந்தே கொடுத்தவர் என்று உங்கள் மேலும் வழக்கு வரும், பர்மிட்டும் போகும். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது பையன் அம்மாவுக்கு ரேஞ்ச் போட்டோ அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் போட்டோ இனி எங்கும் பகிரப்படக் கூடாது. ஆனால் ஏற்கெனவே நடந்ததை மறைக்கவோ அழிக்கவோ எதுவும் செய்ய வேண்டாம். அவர் தனியாக ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கட்டும். அவர் நலன் வேறு, உங்கள் நலன் வேறு. ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் வேண்டாம்.

வீட்டில் துப்பாக்கி இருக்கும் பெட்டியின் சாவியோ எண்ணோ அவருக்குத் தெரிந்திருந்தால் இன்று ராத்திரியே மாற்றிவிடுங்கள். நாளை காலை முதல் வேலையாகச் சாட்சிகள் இருவருக்கும் போன் செய்து மின்னஞ்சலைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.